உஷார்! மலையில் பட்ட அடி நாலுவழிச் சாலையில் வெடிக்கும்

சாந்தன்பாறை, பூப்பாறை, ஆனயிறங்கல் என்று சுற்றிவிட்டு போடிமெட்டு வழியாக ஊர் இறங்கப் போகிறவர்களுக்கு அவசரமாக ஒரு சங்கதி. உங்கள் காரின் டயர் ஒன்றின் பக்கவாட்டில் இந்த நேரம் ஒரு புடைப்பு இருக்கலாம். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அதைச் சுமந்துகொண்டே 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவிடலாம். முந்தலைத் தாண்டி, போடியில் டீ குடித்து, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு வரை ஒரு முனகலும் இல்லாமல் வந்துவிடலாம். திண்டுக்கல்லில் நாலுவழிச் சாலை ஏறி, முள் 100-ஐத் தொட்டு, பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நெல்லிக்காய் வாயைத் திறக்கும்.

மலைப் பயணம் என்றால் நமக்கு வேறு பயங்கள். பிரேக் பிடிக்குமா, பனிமூட்டம் இருக்குமா, யானை குறுக்கே வருமா என்று கேட்போம். சின்னக்கானல் வட்டாரத்தில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் போகிற எல்லோரும் விடுதிக்காரரிடம் முதலில் விசாரிப்பது யானையைத்தான். அந்தப் பயத்தில் பத்தில் ஒரு பங்கை டயருக்கு ஒதுக்கினால் போதும்.

சாந்தன்பாறை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: குமுளியிலிருந்து நெடுங்கண்டம், உடும்பன்சோலை வழியாக மூணாறு போகும் கேரள மாநில நெடுஞ்சாலையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். வடக்கே பூப்பாறையில் அந்தச் சாலை கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 85-இல் போய் முட்டும். இடப்பக்கம் திரும்பினால் மூணாறு, வலப்பக்கம் போடிமெட்டு. முதன்மைச் சாலை இப்போது பரவாயில்லை. அடி விழுவது அதைவிட்டு விலகும் இடங்களில். காட்சி நன்றாக இருக்கும் என்று எஸ்டேட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய ஹோம்ஸ்டேக்குப் போகிற பாதை இருக்கிறதே, அது ஜீப்புக்காகக் கருங்கல் பாவியது. முனை மழுங்காத கற்கள். வாடகைக் காரும் நகரத்து எஸ்யூவியும் அதில் ஏறும்போது கல்லின் விளிம்பு டயரின் தரைபடும் பட்டனில் படுவதைவிடப் பக்கவாட்டில் உரசுவதுதான் அதிகம்.

இன்னொரு இடம் சாலையின் ஓரம். தார் ஒரு உயரம், மண் ஒரு உயரம். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க வேண்டும், இடப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் இறங்கும். பஸ் போனதும் அவசரமாக வண்டியைத் தார் மேல் ஏற்றுவோம். அப்போது தாரின் வெட்டு விளிம்பு டயரின் பக்கச்சுவரைச் சீவிக்கொண்டே வரும். மழைக்காலம் முடிந்தவுடன் இந்த விளிம்பு இன்னும் கூர்மை. 2022-இல் சாந்தன்பாறை கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஊரே திரண்டு போயிற்று. சாலையோரம் நெடுக, பாதிச் சக்கரம் ஓடைக்குள் இறங்கியபடி கார்கள் நின்றன. பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களில் எத்தனை பேர் குனிந்து டயரைப் பார்த்திருப்பார்கள்?

டயர் என்றால் தரையில் படுகிற பகுதி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டன் இருக்கிறதா, மொட்டையாகிவிட்டதா என்று பார்ப்பதோடு சரி. அந்தப் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் அடுக்காக ஓடுகின்றன. ஆணி குத்தினாலும் அங்கே பெரும்பாலும் பஞ்சரோடு போய்விடும். மெக்கானிக்குகள் சைடுவால் என்று சொல்கிற பக்கச்சுவரில் அந்த எஃகு கிடையாது. கார்களின் ரேடியல் டயரில் அங்கே இருப்பவை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை வில்லாக வளைந்து ஓடும் நூல்கள்; பெரும்பாலும் பாலியெஸ்டர். பல கார்களில் ஒரே அடுக்கு, சிலவற்றில் இரண்டு. அவற்றின் மேல் ஒரு ரப்பர் தோல். காரின் எடையைத் தாங்கி நிற்கும் காற்றைக் கட்டிப் பிடித்திருப்பது இவ்வளவுதான்.

பள்ளத்தில் சக்கரம் விழும்போது பள்ளத்தின் விளிம்புக்கும் சக்கர டிஸ்க்கின் விளிம்புக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்குகிறது. உள்ளே சில நூல்கள் அறுந்துபோகும். வெளியே தோலில் கீறல்கூட இருக்காது. அறுந்த இடத்தில் காற்றை நிறுத்த நூல் இல்லாததால், குடலிறக்கம் வந்த வயிறு போல அந்த இடம் மட்டும் வெளியே தள்ளும். அதுதான் அந்த நெல்லிக்காய். அது அடிபட்ட உடனே தெரியலாம், சில நாள் கழித்தும் தெரியலாம். உள்பக்கச் சுவரில் வந்தால், வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கும்வரை தெரியாமலே போகலாம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், வீண் பீதி வேண்டாம். புதிய ரேடியல் டயரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக லேசாக உள்ளே குழிந்த கோடு ஒன்றிரண்டு தெரியும். நூல் படலத்தின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிய இடம் அது. ஆபத்து இல்லை. உள்ளே குழிந்தால் விடுங்கள். வெளியே புடைத்தால் விடாதீர்கள்.

சரி, மலையில் ஏன் வெடிக்கவில்லை? வேகம் இல்லை, வெப்பம் இல்லை. 30, 40-இல் ஊர்ந்து வந்தோம், காற்றும் குளிர். சமவெளியில் கணக்கே வேறு. ஒரு சாதாரணக் கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 900 தடவைக்கு மேல் சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு அங்குலமும் தரைக்கு மேலே வரும்போது ஒருமுறை மடங்கி நிமிர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மடக்கல். முழு நூலும் இருக்கிற டயருக்கு இது தினப்படி வேலை. நூல் அறுந்த இடத்தில் பக்கத்து நூல்கள் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன. சூடேறி, ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிடுகின்றன. கடைசியில் நடப்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

காற்று குறைந்த டயருக்கும் கதை இதேதான், புடைப்பே வேண்டாம். காற்று குறையும்போது பக்கச்சுவர் அதிகமாக மடங்குகிறது. அதிக மடக்கல் அதிகச் சூடு. சூட்டில் ரப்பரும் நூலும் ஒன்றையொன்று விடுகின்றன. பலருக்குத் தெரியாத சங்கிலி ஒன்று இதில் உண்டு: மேலே பள்ளத்தில் விழுந்த அடியில் டயர் தப்பித்துவிடும், ஆனால் அலாய் வீலின் விளிம்பு லேசாக நெளியும். அந்த நெளிவின் வழியே காற்று மெல்ல மெல்லக் கசியும். போடியில் இறங்கும்போது நான்கு பவுண்டு குறைந்திருக்கும், வத்தலக்குண்டில் எட்டு. கண்ணுக்குத் தெரியாது, இன்றைய ரேடியல் டயரில் காற்று முக்கால்வாசி இருக்கும்போதும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். இப்படி ஓடிய டயரைக் கழற்றிப் பார்த்தால் பக்கச்சுவரைச் சுற்றி வளையமாக ஒரு தேய்மானமும், உள்ளே கறுப்பு ரப்பர்ப் பொடியும் கிடக்கும். அதன்பின் அதில் முழுக் காற்று அடித்தாலும் அது பழைய டயர் ஆகாது. பொடி கண்டால் டயரைக் கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

மலையிறங்கும்போது காற்று விரிந்து டயர் வெடிக்கும், ஆகவே மேலேயே கொஞ்சம் இறக்கிவிடுங்கள் என்று சொல்கிற அனுபவஸ்தர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். போடிமெட்டிலிருந்து போடிக்கு ஆயிரம் மீட்டர் அளவுக்கு இறக்கம். கீழே வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் காற்றுமானி ஒன்றரை பவுண்டு போலக் குறைத்துக் காட்டும். கீழே வெயில் பத்து டிகிரி கூடுதல். அதனால் ஏறக்குறைய அதே அளவு ஏறும். இரண்டும் கழிந்து கணக்கு நேர். மேலே காற்றை இறக்கிவிட்டு வந்தால் நீங்கள் நாலுவழிச் சாலையில் காற்று குறைந்த டயரோடு 110-இல் போகிறீர்கள், அவ்வளவுதான். எவ்வளவு காற்று என்பதை அனுபவஸ்தர் சொல்ல வேண்டாம், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். ஆள் நிறைந்து டிக்கியும் நிறைந்தால் பின் டயர்களுக்குத் தனி அளவு அதிலேயே இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைப் பார்த்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது டயர் தாங்கும் எல்லை, உங்கள் காருக்கான அளவு வேறு. நைட்ரஜன் அடித்தால் வெடிக்காது என்ற நம்பிக்கையும் அப்படித்தான். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. அறுந்த நூலை அது ஒட்டாது.

இனி, உயிரை எடுக்கும் ஒரு வைத்தியம் பற்றி. டயரில் புடைப்பு இருக்கிறது என்று கடையில் காட்டினால், கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஒண்ணும் ஆகாது சார், உள்ளே ஒரு பேட்ச் வச்சு டியூப் போட்டுத் தர்றேன். ஊர் போய்ச் சேரலாம்.” நாலாயிரம், ஐந்தாயிரம் செலவு மிச்சம் என்று நமக்கும் இனிக்கும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டால் காற்றுக் கசிவு நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தச் சுவர் பலவீனமானது காற்றுக் கசிவால் இல்லையே! டியூப் மெல்லிய ரப்பர். அதற்கு எடை தாங்கும் சக்தி கிடையாது. சுவர் கிழிகிற நொடியில் டியூபும் கிழியும். போதாக்குறைக்கு டியூபும் டயரும் உராய்ந்து சூடு கூடும். பஞ்சர் ஒட்டுவது பட்டன் பகுதியின் நடுவில், சின்ன ஆணித் துளைக்கு மட்டும். பக்கச்சுவரில் துளையோ வெட்டோ புடைப்போ வந்தால் ஒட்டு வேலைக்கு இடமே இல்லை. டயர் போயிற்று.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி டயரின் நிலையைப் பற்றியது. நூல் வெளியே தெரிந்தால், ஓரிடத்தில் வீங்கியோ உருமாறியோ இருந்தால், அந்த டயர் நல்ல நிலையில் இல்லை என்பது அதன் கணக்கு. கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அதில் உண்டு. எத்தனை சோதனைச்சாவடிகளில் உங்கள் டயரைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள்? போடிமெட்டில் பாட்டில் இருக்கிறதா, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள். அங்கேயே குனிந்தால் வீங்கிய டயரும் தெரியும்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகக் காடி வெட்டி, கறுப்புப் பாலிஷ் பூசி, செகண்ட்ஸ் டயர் என்று விற்கும் தொழில் நடக்கிறது. காடி ஆழமாகத் தெரியும். அடியில் எஃகுப் பட்டைக்கு மேல் ரப்பரே இருக்காது. பாலிஷ் போட்ட டயரில் பக்கச்சுவரின் முடிவெடிப்புகளும் மறைந்துவிடும். விலை குறைவு என்று வாங்கி மலைக்குப் போனால் மேலே சொன்ன எல்லாமே இரட்டிப்பு. டயரின் வயதை அதன் பக்கத்திலேயே படிக்கலாம்: நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியின் டயரும் கிழடாகும். ஸ்டெப்னிக்கும் இதே விதி. பட்டன் புதுசாக இருக்கிறது என்று பத்து வருட ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு 100-இல் போகாதீர்கள்.

அழகுக்காக அலாய் வீலைப் பெரிதாக்கி டயரை ஒல்லியாக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 185/65 டயரில் பக்கச்சுவரின் உயரம் 120 மில்லிமீட்டர். 195/50-க்கு மாறினால் 97 தான். பள்ளத்தில் விழும்போது நசுங்க இடம் கொடுத்துக் காப்பாற்றும் ரப்பரில் ஐந்தில் ஒரு பங்கைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறீர்கள். சென்னைக்குள் ஓட்டுங்கள், பரவாயில்லை. சாந்தன்பாறை எஸ்டேட் பாதைக்கு அதைக் கொண்டுவராதீர்கள்.

கார்க்காரர்களை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் ஆகும். விடிவதற்கு முன்பே போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து மலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள், சோற்றுத் தூக்கோடு, நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் அதே ஜீப் இறங்கும். பத்துப் பேருக்குரிய வண்டியில் பதினைந்து, அதற்கும் மேல். டயருக்குப் பாரம் கூடுவதும் காற்று குறைவதும் ஒன்றுதான்: இரண்டிலும் பக்கச்சுவர் தாங்க வேண்டிய அளவுக்கு மேல் மடங்கும். ஒவ்வொரு டயரிலும் அது தாங்கும் எடைக்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும். 88 என்றால் 560 கிலோ, 82 என்றால் 475. நான்கு டயருக்கும் கூட்டிப் பார்த்தால் வண்டியின் எடை போக மிச்சம் எத்தனை பேருக்கு என்பது தெரிந்துவிடும். ரீட்ரெட் போட்ட டயரும் ஓவர்லோடும் சேர்ந்து தினம் இரண்டு தடவை அந்த வளைவுகளில் போகின்றன. காரில் போகிறவருக்கு டயரைப் பார்க்கும் உரிமை கையில் இருக்கிறது. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவுக்கு எது? “டயரைப் பாருண்ணே” என்று டிரைவரிடம் சொன்னால் நாளைக்கு இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. தோட்டத்துக்காரர்கள் கூலியோடு வண்டி வாடகையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் டயரையும் சேர்க்கச் சொல்ல வேண்டியது இரண்டு மாநிலத்துப் போக்குவரத்துத் துறைகளின் வேலை.

‘டயர் வெடித்துவிட்டது, விதி’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. 2010 அக்டோபர் 25-ஆம் தேதி புணேயிலிருந்து மும்பை போன ஒரு காரின் பின் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் விழுந்தது. காரில் இருந்த 38 வயதுக்காரர் இறந்துபோனார். தீர்ப்பாயம் குடும்பத்துக்கு 1.25 கோடி ரூபாய் தரச் சொன்னது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்து, டயர் வெடிப்பது தெய்வச் செயல், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாதாடியது. 2023-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மிகை வேகம், காற்று குறைவு அல்லது மிகுதி, பழைய டயர், வெப்பம் என்று காரணங்கள் இருக்கின்றன. கிளம்பும் முன் டயரைச் சோதிக்க வேண்டியது ஓட்டுகிறவரின் கடமை. இது மனிதரின் அலட்சியம் என்று தீர்ப்பு வந்தது.

அதேசமயம், எல்லா விபத்தையும் டயர் மேல் போடுவதும் வழக்கமாகிவிட்டது. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தின் மேல், எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் மாண்டார்கள். பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் பக்கத்துக் குடும்பங்கள் பல. லாரியின் டயர் வெடித்ததால் என்றுதான் முதலில் செய்தி வந்தது. விசாரணையில் லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததுதான் காரணம் என்றானது. 2023 ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் சம்ருத்தி விரைவுச் சாலையில் பேருந்து எரிந்து 25 பேர் கருகியபோதும் ஓட்டுநர் டயர் வெடித்ததாகவே சொன்னார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அறிக்கை அதற்கான தடயம் இல்லை என்றது. டயர் பேசாது என்பதால் பழியைச் சுமத்த வசதியாக இருக்கிறது. இந்தப் பொய்களால் நிஜமாகவே டயரால் நடக்கும் விபத்துகள் கவனிக்கப்படாமல் போகின்றன என்பதுதான் என் ஆத்திரம்.

நிஜமாக டயரால் நடந்த பெரும் கேடு அமெரிக்காவில் நடந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் நெடுஞ்சாலை வேகத்தில் மேல்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அந்நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சாவு எண்ணிக்கை கடைசியில் 271 என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. டயரின் குறை ஒருபுறம். டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில்தான் அதிகம் நடந்தது என்பது இன்னொருபுறம். கார் நிறுவனம் பரிந்துரைத்த காற்று 26 பவுண்டுதான், அது குறைவு என்ற சண்டையும் எழுந்தது. வெப்பம், வேகம், பாரம், காற்றுக் குறைவு நான்கும் ஒரே வண்டியில் கூடிய கதை. இதன் பிறகுதான் அங்கே டயர் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி கார்களில் கட்டாயமானது. நம் நாட்டில் பல கார்களில் இன்னும் அது கிடையாது. இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த மஞ்சள் விளக்கு காற்று குறைந்தால்தான் எரியும். புடைப்புக்கு விளக்கு இல்லை. அதற்கு உங்கள் கைதான்.

ஆகவே பூப்பாறையில் சாப்பிட நிறுத்தும்போது, டயர் ஆறியிருந்தால், நான்கு டயரின் வெளிச்சுவரையும் உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள். முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பி, போன் டார்ச் அடித்து உள்சுவரையும் பாருங்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் இரண்டாவது, மூன்றாவது கியரில் வாருங்கள். பிரேக்கின் சூடு டிஸ்க் வழியாக டயரின் விளிம்புக்கும் ஏறும். போடியிலோ தேனியிலோ காற்றைச் சரிபாருங்கள். மேலே பள்ளத்தில் ‘தட்’ என்று ஒரு பெரிய அடி விழுந்திருந்தால், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால், 80-இல் புதிதாக ஒரு நடுக்கம் தெரிந்தால், வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்க்காமல் நாலுவழிச் சாலை ஏறாதீர்கள். புடைப்பு கண்டால் அங்கேயே ஸ்டெப்னியை மாட்டுங்கள். காப்பீடு தரும் என்று காத்திருக்க வேண்டாம். டயர் மட்டும் கெட்டால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் பாதி விலை. பள்ளத்தில் விழுந்து வந்த புடைப்புக்கு டயர் நிறுவனத்தின் சாதாரண உத்தரவாதமும் பொதுவாகக் கைகொடுக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் வெடித்துவிட்டால்? துப்பாக்கி வெடித்த சத்தம் கேட்கும், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். மிதித்தீர்களோ, வெடித்த பக்கம் வண்டி சுழன்றுவிடும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வையுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், படக்கென்று அல்ல. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். பின் டயர் வெடித்தால் வண்டியின் வால் ஆடும், அப்போது ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்புவதுதான் கவிழ்க்கும். பின் டயர் வெடிப்பைச் சமாளிப்பது கடினம் என்பதால் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள், முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு பிரேக்கை மெதுவாகத் தொட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள்.

ஒதுங்கியதும் ஹஸார்டு விளக்கைப் போட்டு, எல்லோரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்; பின்னால் நல்ல தூரத்தில் முக்கோணத்தை வையுங்கள். டயர் மாற்றக் குனிந்திருந்தவரைப் பின்னால் வந்த லாரி அடித்தது என்ற செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதில்லை. சாலைப் பக்கச் சக்கரம் என்றால் நீங்களே மாற்ற வேண்டாம், உதவியைக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, மற்ற சாலைகளுக்கு 112. இரண்டையும் இப்போதே போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.